பெயர் எழுதிய தாயத்தும் பெயரில்லாத நிலைக்காலும்

நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து தென்மேற்கே சுமார் 60 மைல் ஓட்டினால் ஃபிலடெல்பியா. அங்கே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் சுட்ட மண் கிண்ணங்கள் பல இருக்கின்றன. நம் வீட்டில் குழம்பு எடுத்துவைக்கும் கிண்ணத்தின் அளவுதான். உட்புறம் முழுக்க, நடுவிலிருந்து விளிம்புவரை சுற்றிச் சுற்றிக் கறுப்பு மையில் எழுத்து. சிலவற்றின் மையத்தில் கைகால் விலங்கிட்ட பேயின் கோட்டுருவம். 1880களின் கடைசியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் குழு இன்றைய இராக்கிலுள்ள நிப்பூர் மேட்டைத் தோண்டத் தொடங்கியது. அப்போது கிடைத்தவை இவை. வீடுகளின் வாசற்படிக்கு அடியிலும் அறை மூலைகளிலும் கவிழ்த்துப் புதைத்திருந்தார்கள். ஜேம்ஸ் மான்ட்கோமரி இவற்றில் 40 கிண்ணங்களைப் படித்து 1913இல் நூலாக வெளியிட்டார். காலம் ஏறக்குறைய கி.பி. 5 முதல் 8ஆம் நூற்றாண்டு. மொழி பெரும்பாலும் பாபிலோனிய யூதர்கள் பேசிய அரமேயம்.

வாசகங்களைப் படித்தால் முதலில் கண்ணில் படுவது, இவை மந்திரம் என்பதைவிடப் பத்திரம் போல இருக்கின்றன என்பதுதான். இன்னாளுடைய மகன் இன்னான், இன்னாளுடைய மகள் இன்னாள் என்று வீட்டார் பெயர்களைத் தாய்வழியில் எழுதியிருக்கிறார்கள். எந்த வீடு, யாருக்குத் தொல்லை, தொல்லை தருவது எது என்று விவரம் வருகிறது. பிறகு பேய்க்கு விவாகரத்து. ஆம், லிலித் என்ற பெண்பேய்க்கு யூத மணமுறிவுப் பத்திரத்தின் சட்டச் சொற்களை அப்படியே எடுத்து எழுதி, கி.மு. காலத்து அறிஞர் யோசுவா பென் பெரக்கியாவின் அதிகாரத்தைச் சாட்சிக்கு அழைத்து, இன்றோடு உனக்கும் இந்த வீட்டுக்கும் தொடர்பு அற்றது, வெளியேறு என்கிறார்கள். பெயர்களில் பல பாரசீகப் பெயர்கள். அக்கம்பக்கத்துப் பிற மதத்தாரும் யூத எழுத்தரிடம் வந்து கிண்ணம் எழுதி வாங்கிப் போனார்கள் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பக்கத்துத் தெரு மாந்திரீகர் எந்த மதமானால் என்ன, பலித்தால் சரி என்ற மனம் நமக்குப் புதிதில்லை.

இந்தப் பழைய சங்கதியை இப்போது எடுத்துப் பேசக் காரணம் உண்டு. யூதக் காப்புப் பொருள்களைக் கையால் செய்யும் வழக்கம் அமெரிக்க வீடுகளுக்கு மீண்டும் வந்திருக்கிறது. பீங்கானில் வனைந்த ஹம்சா எனும் ஐவிரல் கை, பிறந்த குழந்தையின் தொட்டிலருகே மாட்டும் காகிதத் தாயத்து, கண்ணாடியிலும் மரத்திலும் வெள்ளியிலும் செய்து வாசல் நிலையில் அறையும் மெசூசாக் கூடு எல்லாம் பரிசுப் பொருளாகவும் வீட்டு அலங்காரமாகவும் கைமாறுகின்றன. செய்பவர்களில் பக்திமான்கள் உண்டு, கலைஞர்கள் உண்டு, கடவுளை நம்பாதவர்களும் உண்டு. பழைய மரபைத் தொடர்கிறோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் மரபு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று ஆளைப் பெயர் சொல்லிக் காப்பது. மற்றொன்று யார் பெயரும் இல்லாமல் வாசலோடு நிற்பது. இரண்டையும் கலக்கக் கூடாது என்று யூத அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளாகச் சண்டையிட்டிருக்கிறார்கள். இன்றைய கடைகளில் அந்த வேறுபாடு கரைந்துவிட்டது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

மென்லோ பார்க்கில் ஆய்வுக்கூடம் வைத்திருந்த தாமஸ் எடிசனின் பெயரை 1954இல் சூட்டிக்கொண்ட ஊர் எடிசன். அதுவரை ராரிட்டன் டவுன்ஷிப். ஓக் ட்ரீ ரோட்டின் சேலைக்கடைகளும் மளிகைக்கடைகளும் நமக்குத் தெரிந்த முகம். ஊரின் தென்மேற்கு ஓரத்தில், எல்லைக்கோடு எங்கே என்று தெரியாதபடி ஒட்டிக்கொண்டிருப்பது ஹைலண்ட் பார்க் என்ற சிற்றூர். அங்கும் அதையடுத்த எடிசன் தெருக்களிலும் வைதிக யூதக் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்கின்றன. சனிக்கிழமை காலையில் குடும்பம் குடும்பமாகத் தொழுகைக்கூடத்துக்கு நடந்து போவதைப் பார்க்கலாம். அந்தத் தெருக்களில் வீட்டு வாசலைக் கவனித்தால், உள்ளே நுழைபவரின் வலக்கைப் பக்கம், நிலைக்காலில், தோளுயரத்தில் விரல் நீளமுள்ள சிறு கூடு ஒன்று அறைந்திருக்கும். பேச்சுவழக்கில் அதுதான் மெசூசா.

கூடு சாய்ந்திருக்கிறதா, நேராக நிற்கிறதா என்று பார்த்து, குடும்பம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். 11ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் ராஷி நேராக நிறுத்தச் சொன்னார். அவருடைய பேரன் ரபேனு தாம் படுக்கவைக்கச் சொன்னார். தாத்தாவையும் விட முடியாமல் பேரனையும் விட முடியாமல் ஐரோப்பிய யூதர்களான அஷ்கனாசிகள் சாய்த்து அறைந்தார்கள். ஸ்பானிய வழிவந்த செஃபார்திகள் நேராகவே வைக்கிறார்கள். ஹைலண்ட் பார்க்கில் கிரேக்கத்தின் சலோனிக்காவிலிருந்து வந்த லடினோ மொழிக்காரர்கள் தொடங்கிய எட்ஸ் அஹாயிம் என்ற செஃபார்திக் கூடமும் இருப்பதால், ஒரே ஊரில் இரண்டு வகையும் காணக் கிடைக்கின்றன. தென்கலை வடகலை நாமத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வியப்பாயிராது.

கூட்டுக்கு மதிப்பில்லை. உள்ளே சுருட்டி வைத்திருக்கும் தோல்சுருள்தான் மெசூசா. கூட்டைப் பிளாஸ்டிக்கில் செய்யலாம், தங்கத்தில் செய்யலாம், பள்ளிப் பிள்ளை களிமண்ணில் பிடிக்கலாம். சட்டம் எதுவும் இல்லை. சுருளுக்கோ சட்டம் மயிரிழை பிளக்கும். உண்ணத்தகுந்த விலங்கான பசு, ஆடு ஆகியவற்றின் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, சுரண்டி, இழுத்துக் கட்டிப் பதப்படுத்துகிறார்கள். இந்தத் தோல் இந்தப் புனித வேலைக்காக என்ற எண்ணத்தோடு ஆரம்பத்திலிருந்தே செய்திருக்க வேண்டும். அதில் ஊசிமுனையால் மையில்லாமல் 22 கோடுகள் கீறுவார்கள். விவிலிய நூலான உபாகமத்தின் 6ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு பகுதி, 11ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு பகுதி. இறைவன் ஒருவனே என்பதும் அவன் கட்டளைகளை வீட்டு நிலைகளில் எழுதிவைக்க வேண்டும் என்பதும் அவற்றின் செய்தி. மொத்தம் 713 எழுத்துகள்.

மையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாசிக்காய், பிசின், அன்னபேதி அல்லது மயில்துத்தம். நம் நாட்டு மருந்துக்கடையில் ஒரே சீட்டில் எழுதி வாங்கிவிடலாம். கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் உரைமருந்தில் சேர்கிற அதே மாசிக்காயின் துவர்ப்புச் சத்துதான் இரும்போடு சேர்ந்து கருத்து, தோலைக் கவ்விப் பிடிக்கிற மையாகிறது. பேனா, வான்கோழி அல்லது வாத்து இறகு. செஃபார்திகள் நாணல் பயன்படுத்துவார்கள்.

எழுதுபவருக்கு சோஃபர் என்று பெயர். அவர் வேலையின் கடுமை ஒரே விதியில் இருக்கிறது: எழுத்துகளை வரிசை மாறாமல் எழுத வேண்டும். யூத வேதமான தோராவின் சுருளில் எழுத்து விட்டுப்போனால் பிறகு செருகலாம். மெசூசாவில் அது நடக்காது. 700ஆவது எழுத்தில் இருக்கும்போது 12ஆவது எழுத்து விடுபட்டிருப்பது தெரிந்தால், திரும்பிப் போய்ச் சேர்த்தாலும் சுருள் செல்லாது. அழித்துக்கொண்டே பின்னால் போகலாமே என்றால், இடையில் இறைவன் பெயர் வருகிறது. அதை அழிக்கக் கூடாது. முதலிலிருந்து புதுத் தோல். ஒரு எழுத்து மற்றொன்றைத் தொடக் கூடாது, ஒவ்வொன்றையும் சுற்றி வெற்றுத் தோல் தெரிய வேண்டும். குறிப்பிட்ட ஏழு எழுத்துகளின் தலையில் மும்மூன்று சிறு கிரீடக் கோடுகள். தாலெத், ரேஷ் என்ற இரண்டு எழுத்துகளுக்கும் வித்தியாசம் மூலையின் ஒரு முனைதான். அது மழுங்கினால் ஒருவன் என்ற சொல் வேறொருவன் என்றாகிவிடும், ஏக இறைவனை அறிவிக்கும் வரியிலேயே.

ஐயத்துக்கு இடமான எழுத்து வந்தால் என்ன செய்வது? இங்கே ஒரு அழகான வழக்கம். எழுத்துத் தெரிந்த ஒரு சிறு பிள்ளையைக் கூப்பிட்டு, இது என்ன எழுத்து என்று கேட்கிறார்கள். பிள்ளை மிகச் சூட்டிகையாகவும் இருக்கக் கூடாது, மந்தமாகவும் இருக்கக் கூடாது. சூட்டிகையானது வாக்கியத்தை ஊகித்துச் சரியாகச் சொல்லிவிடும். நடுத்தரப் பிள்ளை கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லும். அந்தத் தீர்ப்பே இறுதி. இன்று எழுத்தர்கள் சுருளை ஸ்கேன் செய்து, கணினி நிரலால் 713 எழுத்தும் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். விடுபட்ட எழுத்தைக் கணினி பிடித்துவிடும். மழுங்கிய முனைக்கு இன்றைக்கும் கண்ணும் பிள்ளையும்தான்.

இவ்வளவு கெடுபிடியோடு எழுதிய சுருளில் வீட்டுக்காரர் பெயர் எங்கும் இல்லை. எடிசன் வீட்டுக்கும் எருசலேம் வீட்டுக்கும் அதே 713 எழுத்து. நோய், திருடன், பேய் என்று எதையும் அது பேர் சொல்லி விரட்டுவதில்லை. கிண்ணத்துக்கு நேர் எதிர். அதனால்தான் வாடகை வீட்டைக் காலி செய்யும் யூதர், அடுத்து வருபவரும் யூதரானால் மெசூசாவைக் கழற்றாமல் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று விதி வைக்க முடிந்தது. ஆளுடையது என்றால் கழற்றிக்கொண்டு போயிருப்பார், அது வாசலுடையது.

ஆனால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? வாசலில் தொங்கும் எழுத்து காப்பாற்றாமலா போகும்? எருசலேம் தல்மூத் என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பிலேயே ஒரு கதை உண்டு. பார்த்தியாவின் அர்தபான், அறிஞர் யூதா ஹனாசிக்கு விலைமதிப்பற்ற முத்து ஒன்றை அனுப்புகிறான். அவர் பதிலுக்கு ஒரு மெசூசாவை அனுப்புகிறார். நான் தந்தது என்ன, நீ தந்தது என்ன என்று அவன் கேட்க, நீ தந்ததை நான் காவல் காக்க வேண்டும், நான் தந்தது உன்னைக் காவல் காக்கும் என்ற பொருளில் அவர் பதில் சொல்கிறார். இந்தக் கதை போதுமே. இடைக்கால ஐரோப்பாவில் மெசூசாவின் வரிகளுக்கு நடுவிலும் ஓரங்களிலும் தேவதூதர்களின் பெயர்கள், அறுகோண நட்சத்திரங்கள், சங்கேத முத்திரைகள் எல்லாம் ஏறிக்கொண்டன.

எகிப்திலிருந்து 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் இதற்கு எதிராகப் பொங்கினார். அவர் மருத்துவர், தத்துவவாதி, சட்ட நூல் தொகுத்தவர். சுருளின் உள்ளே தேவதூதர் பெயர்களை எழுதுபவருக்கு மறுமையில் பங்கில்லை என்பது அவர் தீர்ப்பு. இறைவனின் ஒருமையை அறிவிக்கும் பெரிய கட்டளையைத் தங்கள் சொந்த நலனுக்கான தாயத்தாகச் சுருக்கிவிட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. உள்ளே எழுதியவற்றைப் பின்வந்தவர்கள் கைவிட்டார்கள். ஆனால் மைமோனிடிஸ் முழுக்க வெல்லவில்லை. சுருளின் வெளிப்புறத்தில் ஷத்தாய் என்ற இறைப்பெயர் நின்றுவிட்டது. அதை அவரே அனுமதித்தார். அஷ்கனாசிச் சுருளின் முதுகில், அடிப்பக்கம், தலைகீழாக ஒரு சங்கேத வரியும் இன்றுவரை எழுதப்படுகிறது. உள்ளே அந்த இடத்தில் இருக்கும் இறைப்பெயர்களின் ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக அகரவரிசையில் அடுத்த எழுத்தைப் போட்டால் வருவது அது. முன்வாசல் வழியாகத் துரத்திய மந்திரம் முதுகுப்பக்கம் ஒண்டிக்கொண்டது என்று சொன்னால் தவறில்லை.

யூத மாந்திரீகத்தின் செம்மையான வரலாறுகளில் ஒன்றை எழுதியவர் எடிசனுக்கு வெகுதொலைவில் இல்லை. பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில், நியூ ஜெர்சி எல்லையான டெலவேர் ஆற்றங்கரையில், ரபியாக, அதாவது யூத மதகுருவாக, இருந்த ஜோஷுவா டிராக்டன்பர்க் 1939இல் யூத மந்திரமும் மூடநம்பிக்கையும் பற்றிய தன் நூலை வெளியிட்டார். சுவாரசியமாகப் படிக்கலாம். அதில் வரும் ஒரு நிகழ்ச்சி: 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் சால்ஸ்பர்க் பிஷப், தன் கோட்டை வாசலில் அறைய ஒரு மெசூசா வேண்டும் என்று யூதர் ஒருவரிடம் கேட்டார். ரபி கொடுக்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவின் மோசே இசர்லிஸ் கொஞ்சம் இறங்கிவந்து, மறுத்தால் பகை வரும் என்றால் கொடுக்கலாம் என்றார். நிப்பூரில் பாரசீகப் பெயர்க்காரர்களுக்குக் கிண்ணம் தாராளமாகக் கிடைத்தது. மெசூசாவுக்கு அந்தத் தாராளம் இல்லை. காரணம், கிண்ணம் சரக்கு, மெசூசா கட்டளை.

நம் காலத்திலும் இந்த இழுபறி தீரவில்லை. புரூக்ளினில் லுபாவிச் என்ற யூதப் பக்திப் பிரிவின் தலைவராயிருந்த ரெபே 1974இல் வீடுதோறும் மெசூசா என்ற இயக்கத்தைத் தொடங்கினார். வீட்டில் நோய்நொடி வந்தால் முதலில் மெசூசாவைக் கழற்றி எழுத்தரிடம் காட்டு, எழுத்து அழிந்திருக்கும் என்று சொல்லும் வழக்கம் பக்தர்களிடையே பரவலாக இருக்கிறது. மைமோனிடிஸ் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் நோயாளிப் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கும் தாய் மைமோனிடிஸைப் படித்துவிட்டா முடிவெடுப்பாள்?

பெயர் எழுதும் மரபுக்குத் திரும்புவோம். அதற்கு வயது அதிகம். 1979இல் எருசலேமின் கேதெஃப் ஹின்னோம் என்ற இடத்தில் ஒரு பழைய கல்லறைக் குகையைக் கேப்ரியல் பார்க்கய் அகழ்ந்தபோது, சுருட்டிய வெள்ளித் தகடுகள் இரண்டு கிடைத்தன. விரித்தெடுக்க மூன்றாண்டு ஆனது. பெரியது 97 மில்லிமீட்டர் நீளம், சிறியது வெறும் 39. கி.மு. 600ஐ ஒட்டிய காலம். எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் வரும் குருமாரின் ஆசிவாசகம் அவற்றில் கீறப்பட்டிருந்தது. இன்று கையிலிருக்கும் விவிலிய வாசகங்களில் இதைவிடப் பழைய எழுத்துச் சான்று இல்லை. விவிலியத்தின் மூத்த சான்று கழுத்தில் கட்டிய தாயத்து என்பது மதவாதிகளுக்குக் கொஞ்சம் சங்கடமான செய்திதான்.

தமிழனுக்கு அந்தத் தகட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எழுத்தாணியால் செப்புத் தகட்டில் கட்டம் போட்டு, அட்சரம் கீறி, பெயரும் நட்சத்திரமும் எழுதி, ஒரு மண்டலம் பூசையில் வைத்து உருவேற்றி, சுருட்டிக் குப்பிக்குள் செருகி, மெழுகால் வாயடைத்துக் கறுப்புக் கயிற்றில் கட்டுவது நம் ஊர் முறை. குழந்தைக்கு ஐம்படைத் தாலி கட்டியதைச் சங்கப் பாடல்களே காட்டுகின்றன. காயம்பட்ட வீரன் படுத்திருக்கும் வீட்டில் இரவமும் வேம்பும் செருகி, வெண்சிறுகடுகான ஐயவியைத் தூவி, நறும்புகை எழுப்பியதை அரிசில்கிழாரின் புறப்பாட்டு சொல்கிறது.

யூதப் பேறுகாலத்தின் பெரிய பயம் லிலித். பிள்ளைபெற்றவளையும் பச்சைப் பிள்ளையையும் அவள் கொண்டுபோவாள் என்பது நம்பிக்கை. செனோய், சன்செனோய், செமங்கெலோஃப் என்ற மூன்று தேவதூதர்களின் பெயர்களைக் காகிதத்தில் எழுதிப் பேறுகால அறையின் சுவர்களில் ஒட்டினார்கள். ஆம்ஸ்டர்டாமில் 1701இல் அச்சான ரசியேல் நூலில் இத்தகைய தாயத்துப் படங்கள் இருக்கின்றன. புத்தகத்தையே வீட்டில் வைத்திருந்தால் தீ அண்டாது என்றும் நம்பினார்கள். அச்சு வந்ததும் ஒரே அச்சுக்கட்டையில் நூற்றுக்கணக்காக அடித்து, தாயின் பெயருக்கு மட்டும் இடம்விட்டு விற்றார்கள். அந்த வெற்றிடத்தில் பேனாவால் எழுதும்வரை அது வெறும் காகிதம்.

ரபிகள் தாயத்தை ஒட்டுமொத்தமாக விலக்கவில்லை. சுமை தூக்கக் கூடாத ஓய்வுநாளில் தாயத்து அணிந்து வெளியே போகலாமா என்று தல்மூத் விசாரிக்கிறது. பரீட்சிக்கப்பட்ட தாயத்தானால் போகலாம் என்பது முடிவு. மூன்று முறை குணம் காட்டியிருந்தால் அது பரீட்சிக்கப்பட்டது. மந்திரத்துக்கு மருந்தின் அளவுகோல்! அதே சமயம், விரலில் சிவப்புக் கயிறு கட்டுவது அந்நியர் வழக்கம் என்று தோசெஃப்தா என்ற பழைய ரபிகளின் தொகுப்பு தடுக்கிறது. இன்று ஹாலிவுட் வரை பிரபலமான யூதச் சின்னம் அந்தச் சிவப்புக் கயிறுதான்.

தாயத்து ஆளின் பெயரைத் தாங்குவதால்தான் அது ஆபத்தானதாகவும் இருந்தது. 1750இல் ஹாம்பர்க், அல்தோனா, வான்ட்ஸ்பெக் என்ற மூன்று ஊர்ச் சமூகங்களுக்குத் தலைமை ரபியாக வந்தார் யோனத்தான் ஐபெஷூட்ஸ். பிரசவத்தில் பெண்கள் இறந்துகொண்டிருந்த காலம் அது. அவர் தாயத்து எழுதிக் கொடுத்தார். சிலர் அவற்றைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே, நூறாண்டுக்கு முன் மெசியா என்று சொல்லிக்கொண்டு பின்னர் இஸ்லாத்துக்கு மாறிய சபத்தாய் ஸ்வியின் பெயர் சங்கேதமாக இருப்பதாக யாக்கோபு எம்டன் 1751இல் குற்றம் சாட்டினார். ஐரோப்பாவின் யூத ஊர்களெல்லாம் இரண்டாகப் பிரிந்து ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டன. தாயத்தைப் பிரிக்கக் கூடாது என்று நம் பாட்டிமார் சொல்வதற்கு வேறு காரணம் இருக்கலாம். ஹாம்பர்க்கில் பிரித்ததன் விளைவு இது.

இப்போது புதுவீடுகளுக்கு வருவோம். லேசரில் வெட்டிய ஹம்சா அழகாக இருக்கிறது. வட ஆப்பிரிக்காவில் யூதரும் முஸ்லிமும் பங்கிட்டுக்கொண்ட கை அது. ஒருவர் மிரியமின் கை என்பார், மற்றவர் ஃபாத்திமாவின் கை என்பார். அலங்காரமாகச் சுவரில் தொங்குவதில் யாருக்கும் நட்டமில்லை. என் குறை வேறு. கைவினை என்று சொல்லிக் கூட்டையும் சட்டத்தையும் நேர்த்தியாகச் செய்கிறார்கள். உள்ளே இருக்க வேண்டியதை ஒளிநகல் எடுத்துச் சுருட்டி வைக்கிறார்கள். கையால் செய்ய வேண்டியதும் கண் விழித்துச் செய்ய வேண்டியதும் உள்ளே இருப்பதுதானே? கையால் எழுதிய சுருள் சில பத்து டாலரில் தொடங்கிச் சில நூறு டாலர்வரை போகும். கூட்டுக்கு நூறு டாலர் கொடுப்பவர் சுருளுக்குக் கையைச் சுருக்கிக்கொள்கிறார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எழுத்தர் வேலை ஆண்களுக்கே என்றிருந்த வைதிக வழக்கத்துக்கு வெளியே, 2003இல் கனடாவின் அவியேல் பார்க்லே எழுத்தராகச் சான்று பெற்றார். 2007இல் ஜென் டெய்லர் ஃப்ரீட்மன் ஒரு முழுத் தோராச் சுருளையும் எழுதி முடித்தார். வைதிகர்கள் இவற்றை ஏற்பதில்லை. ஆனால் இறகு சீவி, மாசிக்காய் மையில், வரிசை பிசகாமல் அமர்ந்து எழுதும் உழைப்பைத் தொடர்பவர்கள் யார் என்று பார்த்தால், அவர்களும் அதில் சேர்ந்துதான் இருக்கிறார்கள். தாயத்துக் கலைஞர்களிலும், பிறந்த பிள்ளையின் பெயரையும் தாயின் பெயரையும் கேட்டு, அந்த ஒரு வீட்டுக்காக எழுதுபவர்களே மரபைத் தொடர்கிறவர்கள் என்பேன். மொத்தமாகச் செய்து அடுக்கி வைப்பது கடைச்சரக்கு.

நம் வீடுகளைப் பற்றிப் பெருமையாகப் பேச ஒன்றுமில்லை. எடிசன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் ஆண்டுக்கணக்கில் வெளுத்துக்கொண்டிருக்கிறது. மாவிலை வாடும், வாடினால் மாற்ற வேண்டும் என்பதுதான் அதன் சாரம். கிரகப்பிரவேசத்தில் கற்பூரம் ஏற்றியதும் புகை எச்சரிக்கைக் கருவி அலறுவதால், பூசணி சுற்றுவது கராஜுக்கு இடம் மாறியிருக்கிறது. அச்சடித்த எந்திரப் படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டுகிறோம். எழுதியவர் யார், எந்த வீட்டுக்கு எழுதினார் என்ற கேள்வியே எழுவதில்லை.

வாசலில் எதை மாட்டலாம் என்பதை அமெரிக்காவில் வீட்டு உரிமையாளர் சங்க விதிகளும் முடிவு செய்கின்றன. சிகாகோவின் ஷோர்லைன் டவர்ஸ் என்ற அடுக்குமாடியில், நடைவழிக் கதவுகளுக்கு வெளியே எதுவும் கூடாது என்ற விதியைக் காட்டி ஒரு யூதக் குடும்பத்தின் மெசூசாவைத் திரும்பத் திரும்பக் கழற்றினார்கள். அந்தக் குடும்பம் தன் மூத்தவருக்குத் துக்கம் காத்த நாட்களிலும் இது நடந்தது என்பது வழக்கு ஆவணங்களில் உள்ளது. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் முதலில் கைவிரித்து, 2009இல் முழு அமர்வில் குடும்பத்துக்கு வழக்காடும் உரிமை உண்டு என்றது. புளோரிடா 2008இல் சட்டம் போட்டு, கதவு நிலையில் 3 அங்குல அகலம், 6 அங்குல உயரத்துக்கு மிகாத சமயப் பொருளை அனுமதித்தது. டெக்சாஸ் 2011இல் 25 சதுர அங்குல அளவுக்குள் அனுமதித்து, 2021இல் அந்த உரிமையை விரித்தது. யூதர்கள் வாதாடி வாங்கிய இந்த இடம் எல்லா மதத்துக்கும் பொது. எலுமிச்சையும் மிளகாயும் கோத்த சரம் ஆறு அங்குலத்தில் அடங்கும், தோரணம் அடங்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அதற்குமுன் ஒரு சிறு விளக்கம். இறைவன் பெயர் எழுதிய தோலையும் காகிதத்தையும் யூதர்கள் குப்பையில் போடுவதில்லை. கெனிசா என்ற சேமிப்பில் இட்டு, பிறகு மண்ணில் அடக்கம் செய்கிறார்கள். கெய்ரோவின் பழைய தொழுகைக்கூடத்து அறையில் இப்படிச் சேர்ந்து கிடந்தவற்றில் ஏறக்குறைய இரண்டு லட்சம் துண்டுகளை சாலமன் ஷெக்டர் 1897இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அவற்றில் தாயத்துகள் இருந்தன, மந்திர ஏடுகள் இருந்தன, 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த யூத வணிகர் ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்களும் இருந்தன. அந்தத் துண்டுகளிலிருந்து இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் வரலாற்றை மீட்ட எஸ். டி. கோய்தைன் தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தது எடிசனுக்கு அருகிலுள்ள பிரின்ஸ்டனில். அங்கே பல்கலைக்கழகத்தில் கெனிசா ஆய்வுக்கூடம் இன்றும் நடக்கிறது. தூக்கி எறியாத பழக்கத்தால்தான் இவ்வளவும் நமக்குக் கிடைத்தது.

எடிசனிலோ ஹைலண்ட் பார்க்கிலோ மெட்டச்சனிலோ பழைய வீடு வாங்கும் தமிழர்கள், சாவி கைக்கு வந்ததும் வலப்பக்க நிலைக்கால்களை, படுக்கையறை நிலைகள் உட்பட, ஒருமுறை பாருங்கள். விற்றவர் யூதராக இருந்தால் வழக்கப்படி கழற்றிக்கொண்டு போயிருப்பார். ஆணித் துளைகள் மட்டும் இருக்கும். சில வீடுகளில் மறந்துபோயிருக்கும், பல முறை அடித்த பெயின்ட் மூடியிருக்கும். பெயின்ட் அடிக்க வருபவரிடம் சுரண்டிப் போடச் சொல்லாதீர்கள். நீங்களே மெல்லக் கழற்றுங்கள். உள்ளே இருப்பதை விரிக்க வேண்டாம். ஒரு உறையில் போட்டு, பக்கத்திலுள்ள எந்தத் தொழுகைக்கூடத்தின் அலுவலகத்திலும் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.